தயிர்ச்சட்டி வெடிக்காம வேகன் ஓடுமா?

இந்தமுறை வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல ஒரே முறைப்பாடுதான், பழைய வேகன் (பின்னுக்கு சாமான் ஏத்துற நீட்டுக் கார்) தூக்கித் தூக்கிப் போடுது, இடுப்பு போகுது, என்ன செய்ய எண்டு. ஆச்சரியம் ஒண்டும் இல்ல. இலங்கையில 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனியார் வாகனம் திரும்ப வரத் தொடங்கினது 2025 பெப்ரவரியிலதான், அதுவும் தொடுற விலையில இல்ல. அதால கையில இருக்கிற பழசத்தான் எல்லாரும் கட்டி இழுக்கிறம். நாலு கேள்விய எடுத்திருக்கன், முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீண்டு போச்சு, பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணன், நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தயிர் போட்டு டவுன் கடையளுக்கு குடுக்கிறதுதான் தொழில். 90கள்ல வந்த ஜப்பான் வேகன் ஒண்டு வச்சிருக்கன், டீசல், பின்னுக்கு ஸ்பிரிங் பிளேட். தயிர் ஏத்திக்கிட்டு போகக்குள்ள பெரிசா ஒண்டும் ஆகுறல்ல, ஆனா சட்டி செய்றவங்களிட்ட வெறும் சட்டி ஏத்திக்கிட்டு வரக்குள்ள ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு வெடிச்சிடுது. கராஜ்ல காட்டினன், ஷொக் (ஆட்டத்த அடக்குற குழாய்) நாலும் செத்துப் போச்சு மாத்துங்க எண்டாங்க, மாத்தினன், முந்தியவிட மோசமாப் போச்சு. டயர் எட்டு பிளை (பாரம் தாங்குற தடிச்ச சாதி), காத்து 45 பிஎஸ்ஐ அடிக்கிறன். முந்தின ஓனர் நெல் மூட்டை ஏத்தினவராம், பிளேட் ஒண்டு கூட்டிப் போட்டிருக்கார். ஷொக்குக்கு குடுத்த காசு வீணா?

பதில்: தம்பி, உங்கட கேள்விக்குள்ளயே விடை இருக்கு, அத நீங்களே எழுதிப்போட்டு கவனிக்காம விட்டுட்டீங்க. பாரத்தோட போகக்குள்ள பரவால்ல, வெறுமையா வரக்குள்ள உடையுது. ஷொக் பழுதெண்டா இப்பிடி வராது, பாரம் ஏத்தினாத்தான் கூட ஆடும், பள்ளத்துல விழுந்தா ரெண்டு மூணு தரம் எழும்பி எழும்பி விழும். உங்கட வேகன் ஆடல்ல, அடிக்குது. ஆடுறது வேற வருத்தம், அடிக்கிறது வேற வருத்தம், ரெண்டுக்கும் மருந்து ஒண்டில்ல.

இந்த வேகன்கள் கனக்க ஜப்பான்ல சாமான் ஏத்துற வான் எண்டு பதிஞ்சு ஓடினதுகள். இப்ப ரோட்டுல நிறைய ஓடுற புரொபொக்ஸ் வான எடுங்க, ரெண்டு பேர் இருந்தா 400 கிலோ ஏத்தலாம் எண்டு கணக்கு. பின் ஸ்பிரிங் அவ்வளவு பாரத்தையும் தாங்கவேணும் எண்டு செஞ்சிருக்கு. இப்ப உங்கட பாரத்தப் பாருங்க. ஒரு சட்டி தயிரோட ஒண்டரைக் கிலோ எண்டு வச்சாலும் 80 சட்டி 120 கிலோ, ரெண்டு பெரிய ஆக்கள் பின் சீட்டில இருக்கிற பாரம் அவ்வளவுதான். வெறும் சட்டி எண்டா அதுல பாதி கூட வராது. அதுக்கு மேல முந்தின ஓனர் நெல்லுக்கெண்டு ஒரு பிளேட் கூட்டியிருக்கார், அவருக்கு அது சரி, வட்டைக்குள்ள (வயலுக்குள்ள) இருந்து மூட்டை மூட்டையா ஏத்தினவர். உங்களுக்கு அந்தப் பிளேட் எமன். நீங்க வெறுமையா வரக்குள்ள அந்த ஸ்பிரிங் வளையிறதே இல்ல, பள்ளம் நேரா வண்டிட பொடியில (உடம்புல) அடிக்குது, பொடியில இருந்து சட்டியில அடிக்குது.

சரி, எங்க தொடங்குறது. டயர்ல தொடங்குங்க, அதுக்கு காசு போகாது. எட்டு பிளை டயர் வான், சின்ன லொறிக்கு வாறது. 165ஆர்13 எட்டு பிளை எண்டா ஒரு டயர் 670 கிலோ தாங்கும், அதே சைஸுக்குக் கிட்டின 175/70ஆர்13 சாதாரண கார் டயர் 82 எண்டு பார இன்டெக்ஸ் போட்டிருந்தா 475 கிலோ தாங்கும். உங்களுக்கு 475 தாராளம் எண்டு நான் நினைக்கிறன், ஆனா வாகனத்தோட ஸ்டிக்கர்ல என்ன டயர் போட்டிருக்கு எண்டு பாத்துத்தான் முடிவெடுக்க வேணும், ஸ்டிக்கர்ல கட்டாயம் எல்டி (சின்ன லொறி டயர்) எண்டு இருந்தா நான் சொன்னேன் எண்டு மாத்தாதீங்க. டிரைவர் கதவத் துறந்தா தூணுல ஒட்டியிருக்கும், ஜப்பான் எழுத்து விளங்காட்டியும் இலக்கம் விளங்கும். காத்தழுத்தம் கேபிஏ எண்டு இருந்தா 200க்கு 29 பிஎஸ்ஐ, 220க்கு 32, 240க்கு 35. பழைய ஸ்டிக்கர்ல 2.0 எண்டு சின்ன இலக்கமா இருந்தா அது 28 கிட்ட. 45 எண்டு எந்த ஸ்டிக்கர் சொல்லிச்சு உங்களுக்கு? காத்தடிக்கிற கடையில வேகனக் கண்டோடன எவ்வளவு எண்டு கேக்காமலே 40, 45 அடிச்சுவிடுவாங்க, பாரம் ஏத்துற வண்டிதானே எண்ட நினைப்பு. அத ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு இறக்கிப் பாருங்க, அதுக்குக் கீழ போகவேணாம். வெள்ளாப்பில, வண்டி ஓட முதல் அளக்கவேணும், டவுனுக்கு ஓடிப் போய் சூடான டயர அளந்தா நாலு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதப் பாத்து இறக்கினா மறுகா குறைஞ்சு போகும்.

டயர்ட வயசையும் பாருங்க. சைட்ல நாலு இலக்கம் இருக்கும், 2316 எண்டா 2016ம் ஆண்டு 23வது கிழமை செஞ்சது. பூ நல்லா இருக்கு எண்டு பத்து வருஷ டயர வச்சிருக்கிற ஆக்கள் இருக்காங்க, எங்கட வெயிலுக்கு அது ரப்பரா இருக்காது, பலகையா இருக்கும்.

காத்த இறக்கி ஒரு கிழமை ஓடுங்க. அதே ரோட்டுல, அதே வேகத்துல. மண்முனைப் பாலத்தால வந்து ஆரையம்பதியில ஏறுற ஆள்தானே நீங்க (2014ல பாலம் துறக்க முதல் 'பாதை' எண்ட மிதவைப் படகுல ஏத்தி அக்கரைக்கு வந்த காலத்துல இந்தச் சட்டியெல்லாம் எப்பிடித் தப்பிச்சுதோ தெரியாது), ஒரே பாதைதான் உங்களுக்கு, அதால வித்தியாசம் நல்லாத் தெரியும். ஒரே நாளில நாலு வேலை செஞ்சா எது சுகமாக்கினது எண்டு தெரியாமப் போகும்.

அடுத்தது அந்தக் கூட்டின பிளேட். கழட்டத்தான் வேணும், ஆனா வீட்டு முத்தத்துல கழட்டாதீங்க. நடு போல்ட்ட அவிழ்த்தா பிளேட்டெல்லாம் விறைச்சு நிண்டது பட்டெண்டு விரியும், கை போகும். சி கிளாம்ப் போட்டுப் பிடிச்சு மெதுவா விடத் தெரிஞ்ச பாஸ் செய்யவேணும். யு போல்ட் நாலும் புதுசு போடுங்க, பழசு இழுபட்டு இருக்கும், பூட்டி ஒரு 500 கிலோமீட்டர் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்கா இறுக்கவேணும், இத ஆரும் செய்றதில்ல. இன்னொண்டு, கனபேருக்குத் தெரியாது: சில வேகன்ல பின் அக்சில்ல இருந்து ஒரு கம்பி மேல போய் பிரேக் வால்வு ஒண்டுல கொழுவி இருக்கும். பின்பக்கம் எவ்வளவு பதிஞ்சிருக்கு எண்டு பாத்து பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் எண்டு தீர்மானிக்கிறது அதுதான். பிளேட் கழட்டி வண்டி பதிஞ்சா, அந்த வால்வு பின்னுக்கு பாரம் இருக்கு எண்டு நினைச்சு கூடுதலா பிரேக் விடும், மழை நேரம் பின் டயர் ரெண்டும் இறுகி வண்டி கிறுகிடும். அதால அந்தக் கம்பிய திரும்ப செட் பண்ணச் சொல்லுங்க. "அது ஒண்டுக்கும் உதவாத கம்பி, கழட்டி வீசுவம்" எண்டு சொல்ற கராஜ் எண்டா திறப்ப வாங்கிக்கிட்டு வந்திடுங்க.

பிளேட்டக் கழட்டக்குள்ள மிச்சப் பிளேட்டையும் பிரிச்சு துரு எடுக்கச் சொல்லுங்க. உப்புக் காத்துல பிளேட்டும் பிளேட்டும் துருப்பிடிச்சு ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிடும், மறுகா அது நாலு பிளேட் இல்ல, ஒரே இரும்புக் கட்டை. பெரிய பள்ளத்துக்கு வளையும், சின்னக் கல்லுக்கு அசையாது, அந்தச் சின்ன அடிதான் சட்டியக் கொல்லுது. நுனியில ரப்பர் அல்லது நைலோன் துண்டு இருந்திருக்கும், தேஞ்சு போயிருந்தா புதுசு வைக்கோணும். வளைவு இறங்கிப் போயிருந்தா கம்மாலையில நெருப்புல சூடாக்கி வளைப்பாங்க, அது கொஞ்ச நாளைக்குத்தான், சூடு காட்டினா இரும்புட பதம் போயிடும், திரும்ப இறங்கும். சூடாக்காம அடிச்சு வளைக்கிற இடம் இருந்தா அங்க போங்க, இல்லாட்டி கொழும்பு பஞ்சிகாவத்தையில பாவிச்ச செட் ஒண்டு தேடுங்க.

கிறீஸ் பத்தி கேக்கப் போறீங்க எண்டு தெரியும். நானும் ஒரு காலம் பிளேட்டுக்கு இடையில கிறீஸ் அப்பினவன்தான், ரெண்டு மாசம் சொர்க்கம் போல ஓடிச்சு, மறுகா கிறவல் தூசும் கடல் மணலும் அதுல ஒட்டி அரக் கடதாசி மாதிரி பிளேட்டத் தின்னத் தொடங்கிட்டு. படுவான்கரைப் பக்க கிறவல் ரோட்டுல ஓடுற வண்டிக்கு கிறீஸ் வேணாம், துருவ எடுத்து மெல்லிசா கிராபைட் பூசினாக் காணும். சேர்விஸ் போடுற இடத்துல அடிப்பக்கம் கழுவிட்டு டீசலும் பழைய ஒயிலும் விசிறுவாங்களே, துருப்பிடிக்காது எண்டு, அதையும் நிப்பாட்டச் சொல்லுங்க. இரும்புக்கு நல்லம், மூட்டுகள்ல இருக்கிற ரப்பர் புஷ்ஷுக்கு நஞ்சு. ஒயில் பட்டா ரப்பர் ஊதி இழகிடும்.

இப்ப ஷொக் மாத்தி ஏன் மோசமாச்சு எண்டதுக்கு வாறன். ஒண்டு, செத்த ஷொக் ஒண்டையும் பிடிக்காது, புதுசு பிடிக்கும், அதுவும் காஸ் ஷொக் போட்டிருந்தா வெறும் வண்டிக்கு இன்னும் விறைப்பாத் தெரியும். கயாபா எண்ட ஜப்பான் கொம்பனி ஷொக்குலயே எக்ஸெல்-ஜி எண்டா காஸ், பிரீமியம் எண்டா வெறும் ஒயில், பெட்டியப் பாருங்க என்ன வந்திருக்கு எண்டு. பழைய வேகனுக்கு ஒயில் ஷொக் போட்டா கொஞ்சம் மெதுவா இருக்கும். அதுக்காக இப்ப போட்ட புதுச கழட்டி எறியச் சொல்லல்ல.

ரெண்டாவது காரணத்தத்தான் நான் கூட நம்புறன், ஏனெண்டா இத எல்லா இடத்துலயும் பிழையாத்தான் செய்றாங்க. ஜாக்கியில வண்டிய உயத்தி, சில்லுகள் தொங்கக்குள்ளயே ஷொக்குட கீழ் போல்ட், லோவர் ஆம் போல்ட், ஷக்கிள் (பிளேட்டப் பொடியோட தொடுக்கிற துண்டு) போல்ட் எல்லாத்தையும் இறுக்கி முடிச்சிடுவாங்க. அந்த ரப்பர் புஷ் சுத்துற சாமான் இல்ல, முறுகுற சாமான். தொங்கக்குள்ள இறுக்கினா அதுதான் அதுக்கு நேர் நிலை, வண்டிய கீழ இறக்கினோடன எப்பவும் முறுகியே நிக்கும், ஸ்பிரிங்கோட சேந்து அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும், ஆறு மாசத்துல கிழிஞ்சும் போகும். இதுக்கு சாமான் வாங்கத் தேவையில்ல. வண்டிய நாலு சில்லுலயும் சமதரையில நிப்பாட்டி, அந்த போல்ட்டுகள இழக்கி, ரெண்டு பேர் ஏறி பின்னுக்கும் முன்னுக்கும் நாலு தரம் அமத்தி விட்டுட்டு, அப்பிடியே நிலத்துல நிண்டபடி இறுக்குங்க. குழியுள்ள கராஜ் எண்டா அரை மணித்தியால வேலை. உங்கட வண்டிக்கு பாதி சுகம் இதிலயே வந்தாலும் வரும்.

கூடவே பம்ப் ரப்பரையும் பாருங்க, அக்சிலுக்கு மேல பொடியில ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டை. பழைய வண்டியில அது உதிந்து இரும்புத் தட்டு மட்டும் இருக்கும், பள்ளத்துல இரும்பும் இரும்பும் அடிக்கும், நாங்க ஷொக் பழுது எண்டு நினைப்பம்.

கடைசியா சட்டி அடுக்குற விதம். டிக்கிட கடைசியில, பின் கதவோட அடுக்குறீங்க எண்டு நினைக்கிறன், இறக்க லேசு எண்டு எல்லாரும் அப்பிடித்தான். பின் அக்சிலுக்குப் பின்னால உள்ள இடம்தான் வண்டியில கூடத் தூக்கிப் போடுற இடம், பஸ்ஸில கடைசி சீட்டில இருந்து பாத்த ஆளுக்குத் தெரியும். பின் சீட்ட மடிச்சு, முன் சீட்டு முதுகோட ஒட்டி அடுக்கிக்கிட்டு வாங்க, கீழ வைக்கல் ஒரு சாணுக்கு. ஷொக்குக் காசு வீணா எண்டு கேட்டீங்க. வீணில்ல, வேறொரு வருத்தத்துக்கு மருந்து வாங்கி வச்சிருக்கீங்க, பிளேட்டக் கழட்டினாப் பிறகு அது உதவும்.

கேள்வி: கல்முனையில இருந்து எழுதுறன். எனக்கு 13 இஞ்சி இரும்பு ரிம்மோட பழைய வேகன் ஒண்டு இருக்கு. 15 இஞ்சி அலோய் போட்டா ரோட் கிரிப்பும் கூடும், ஓட்டமும் ஸ்மூத் எண்டு கூட்டாளி சொல்றான். போடலாமா?

பதில்: கிரிப் கூடும், அது உண்மை. ஸ்மூத் எண்டது பொய். கணக்கப் பாருங்க. 175/70ஆர்13 டயர்ல ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில உள்ள ரப்பர் உயரம் 122 மில்லிமீட்டர் கிட்ட. அதே மொத்த உயரம் வரவேணும் எண்டா 15ல 195/50 போடவேணும், அதுட ரப்பர் உயரம் 97தான். ஒரு இஞ்சி ரப்பர் போகுது, அந்த ஒரு இஞ்சிதான் உங்கட இடுப்பக் காப்பாத்திக்கிட்டு இருந்தது. மழை முடிய உடைஞ்சு கிடக்கிற உள் ரோட்டுல ரிம் வளையும், அலோய் எண்டா வெடிக்கவும் செய்யும். ஆசை விடுதில்ல எண்டா 14 இஞ்சியில 185/60 போடுங்க, ரப்பர் 111, மொத்த உயரம் கிட்டத்தட்ட அதே அளவு, ஸ்பீடோமீட்டரும் பிழைக்காது. வண்டி வடிவாவும் இருக்கும். கூட்டாளிட வண்டியில ஒருக்கா பின் சீட்டில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் போய்ப்பாத்துட்டு முடிவெடுங்க.

கேள்வி: கொயில் (சுருள்) ஸ்பிரிங்குக்கு இடையில வைக்கிற ரப்பர் வளையம் ஒன்லைன்ல விக்கிறாங்க, குலுக்கல் நிக்கும் எண்டு போட்டிருக்கு. வாங்கலாமா? (திருக்கோவில்)

பதில்: வேணாம். ஸ்பிரிங் வேலை செய்றதே அந்த இடைவெளியாலதான், அத ரப்பரால அடைச்சா ஸ்பிரிங் கட்டையாகும், கூட அடிக்கும். பின்பக்கம் பதிஞ்சு போன வண்டிக்கு கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், அதப் பாத்துட்டு சிலபேர் நல்லம் எண்டு எழுதிவிடுறாங்க. பதிஞ்ச ஸ்பிரிங்குக்கு வைத்தியம் வேற ஸ்பிரிங்.

கேள்வி: நான் மருதமுனை, ஸ்கூல்ல படிப்பிக்கிறன். எங்கட வேகன் பின்னுக்கு கொயில். வாப்பாவுக்கு முதுகு வருத்தம், மாசம் ஒருக்கா மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு கூட்டிக்கிட்டுப் போறம், வந்தா ரெண்டு நாள் எழும்ப மாட்டார். டயர், ஷொக் எல்லாம் போன வருஷம்தான் மாத்தினது, காத்தும் 30தான். இன்னும் என்ன செய்யலாம் அண்ணன்?

பதில்: தங்கச்சி, வாப்பா எங்க இருக்கிறார் எண்டு நீங்க எழுதல்ல. காலை நீட்டலாம் எண்டு பின் சீட்டில இருத்திக் கொண்டுபோறீங்க எண்டுதான் நினைக்கிறன், மரியாதைக்கும் அதுதான் வழக்கம். ஆனா வேகன்ல பின் சீட் கிட்டத்தட்ட பின் அக்சிலுக்கு மேலதான் இருக்கு, வெறும் வண்டியில பின் ஸ்பிரிங்தான் விறைப்பு, எல்லா அடியும் அவருக்குத்தான் முதல்ல போகும். முன் சீட்ட நல்லாப் பின்னுக்கு எடுத்து, முதுகக் கொஞ்சம் சாய்ச்சு, அதுல இருத்துங்க. ரெண்டு அக்சிலுக்கும் நடுவில உள்ள இடம் அது.

அதோட சீட்டக் கையால அமத்திப் பாருங்க. இருவத்தஞ்சு வருஷ சீட் எண்டா உள்ள ஸ்பொன்ஞ்ச் செத்து, கீழ உள்ள கம்பி இருக்கிற இடத்துல முட்டும். அதுக்கு மேல தலகாணி போட்டா ஆள் வழுக்குவார், இடுப்பு இன்னும் வளையும். குஷன் வேலை செய்றவங்களிட்ட முன் சீட்ட மட்டும் கழட்டிக் குடுத்து, கொஞ்சம் இறுக்கமான ஸ்பொன்ஞ் போடச் சொல்லுங்க, மெத்தெண்டு இருக்கிறது வேணாம், மெத்தெண்டது அமந்து கம்பியில முட்டும். உறை பழசையே திரும்பப் போடலாம். கிளினிக்குக்கு வெள்ளன போகவேணும் எண்டு ஆரோ விரட்டி விரட்டி ஓட்டுறாங்க போல, அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டு, உடைஞ்ச இடங்கள்ல 30, 40ல போகச் சொல்லுங்க. அடுத்த கிளினிக் முடிய எப்பிடி இருந்தார் எண்டு எழுதுங்க.